ஓரத்து நட்சத்திரங்கள்

அன்று உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: எனக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன.

ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அலமாரியைத் திறந்தபோது தொலைநோக்கியில் மாட்டிப் பார்க்கும் அந்த ஐபீஸ் கையில் பட்டது. மூடியைக் கழற்றினேன். கண் பதிக்கும் ரப்பர் வளையத்தின் மணம். அதில் உன் தலையெண்ணெயின் மணமும் கொஞ்சம் ஒட்டியிருப்பதாக நம்பிக்கொள்கிறேன். நாளைக் காலை மறுபடியும் கண் பரிசோதனை. போன தடவை வெளியே பெஞ்சில் நீ இருந்தாய். நாளை அங்கே எனக்கென்று யாரும் இருக்கமாட்டார்கள். பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நாம் சேர்ந்து வாங்கிய தொலைநோக்கியோடு வந்த ஐபீஸ் உனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. மாட்டாஸ்பத்திரி வேலை முடிந்து கொல்லயில் ஊர் பஸ்ஸில் வந்து இறங்குவாய், கண்ணை வைப்பாய், உடனே முறையிடுவாய். “கதவிடுக்கு வழியா கல்யாணம் பாக்கியதுபோல ஆக்கும் இது.” அகலப் பார்வை ஐபீஸ் வேண்டும் என்பாய். பொருள் அதே அளவில்தான் தெரியும், ஜன்னல் மட்டும் பெரிதாகும் என்று எனக்கு விளக்குவாய். நம்முடையது குட்டைத் தொலைநோக்கி, மலிவான அகல ஐபீஸ் போட்டால் ஓரத்து நட்சத்திரங்கள் கோணிப்போகும் என்று நான் படித்ததைச் சொல்வேன். வாரக்கணக்கில் இதே பேச்சு. ஆனால் கதவிடுக்கு என்று நீ சொன்னது எதை என்று எனக்கு விளங்கியதே இல்லை. எல்லோருக்கும் வானம் அப்படித்தான் என்று இருந்தேன்.

குன்னத்துகாலில் செல்போன் பழுது பார்க்கும் அண்ணன் தன்னுடைய அகல ஐபீஸை விற்கப் போவதாகச் சொன்னார். வந்து போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். தொலைநோக்கியை ஆட்டோவில் மடிமேல் கிடத்திக்கொண்டு போனோம். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிப் படியில் நான் தடுக்கினேன்.

“எட்டீ, தரையப் பாத்து நட. நட்சத்திரம் மேலதான் உண்டு, ஓடிப் போவாது” என்றாய்.

நான் சிரித்தேன். அந்த மாதத்தில் எத்தனையாவது தடவை தடுக்கினேன் என்று யோசிக்காமலிருக்கச் சிரித்தேன்.

இருட்டியதும் அண்ணன் மாடி விளக்கை அணைத்தார். “நடுவுல எல்லாக் கண்ணாடியும் கொள்ளாம், நல்லாத்தான் தெரியும். ஓரத்துல பாக்கணும். அங்கயாக்கும் சாயம் வெளுக்கும்” என்று சொல்லிவிட்டு ஐபீஸை மாட்டினார். நீ முதலில் பார்த்தாய். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம்.

“எம்மா! மொத்தமும் உள்ள கெடக்கு. சுத்திலும் இடம் மிச்சம் உண்டு. மக்கா, வந்து பாரு!”

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. பழைய ஐபீஸை மாட்டச் சொல்லிப் பார்த்தேன். திரும்பவும் புதியது. அதே வட்டம். எல்லை எங்கே என்று தெரியாமல் முடிந்துபோகும் அதே சிறிய வட்டம். அப்போது திருப்புறத்து மாமாவின் நினைவு வந்தது, அம்மாவின் தம்பி. தட்டில் இருக்கும் மீன் முள் அவருக்குத் தெரியும். பக்கத்தில் வைத்த தண்ணீர்க் குவளை தெரியாமல் தட்டிவிடுவார். பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிச் சுருங்கி, ஒருநாள் மூடிக்கொண்டது. கொஞ்ச நாளாக நானும் குவளைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“ஓரத்துல எப்படி?” என்று கேட்டாய்.

“ஓரத்துலயும் சுத்தமா உண்டு. எல்லாம் புள்ளி புள்ளியா.”

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். “தங்கச்சி வாங்க வந்ததா, விக்க வந்ததா? ஓரம் மோசமாக்கும், நான் உள்ளதச் சொல்லுதேன். நட்சத்திரம் எல்லாம் ஈசல் மாதிரி செறகு விரிச்சில்லா நிக்கும்! அது தெரியலியா?”

நீ சிரிக்கவில்லை. அந்தச் சிறகுகளை நீ ஏற்கெனவே பார்த்திருந்தாய்.

அவர் விளக்கைப் போட்டார். நான் தொலைநோக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன். “இந்தா, மூடியப் பிடி” என்றாய். எங்கே என்று தெரியவில்லை. “பிடிட்டீ.” என் இடது தோளில் மூடி வந்து தொட்ட பிறகுதான் திரும்பினேன். உன் கை நீட்டியபடி இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்ததோ.

“அண்ணா, இத நாங்க எடுக்கோம்” என்றாய்.

“ஓரம் மோசம்னு சொன்னேனே பிள்ளே?”

“நடுவுல நல்லா இருக்கில்லா. அது போதும்.”

ஆட்டோ பாறசாலைப் பக்கம் திரும்பியது. பிறகு, “வியாழக்கிழம லீவு போடு” என்றாய்.

“எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்குத் தெரியும்.”

“எனக்குப் பேடியா இருக்கு” என்றேன், பயத்தை முதல்முறையாக வாய்விட்டு.

“எனக்குந்தான்” என்றாய். தைரியம் சொல்லியிருந்தால் நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கமாட்டேன்.

பரிசோதனை அறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் சின்ன ஒளிகள் வந்து வந்து மறையும். தெரியும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அதுவும் ஒரு வானம்தான். அழுத்தினேன், அழுத்தினேன், பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்பதல்ல, வந்துகொண்டிருக்கின்றன, எனக்குத்தான் தெரியவில்லை என்று புரிந்தபோது எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. பார்வை போன இடம் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அங்கே ஒரு இடம் இருந்ததே தெரியாது.

மாமாவின் நோய்தான். அதன் பிறகு நீ எப்போதும் என் இடப்பக்கமே நடந்தாய். அதைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளித்தது. எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் என்றார்கள். என் கண்ணைப் பற்றியே பயந்துகொண்டிருந்த எனக்கு, உன்னைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று தோன்றும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று இவ்வளவும் எழுதி, மேலே எழுத முடியாமல் வைத்துவிட்டேன். இன்று காலை தனியாகப் போய்வந்தேன். வலக்கையில் பொத்தான், இடக்கையில் உன் ஐபீஸ். அதைக் கீழே வைக்கச் சொன்ன நர்ஸ், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆ, இரிக்கட்டே” என்று விட்டுவிட்டாள். ஒளிகள் வந்தன. நெடுநேரம் வராமலும் இருந்தன.

வட்டம் போன தடவையைவிடச் சிறுத்திருக்கிறது என்றார் டாக்டர். நடுவில் குறை ஒன்றும் இல்லை.