வாசலுக்கொரு பெயர்

ஜனவரி 5, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூடத் திருத்த மாட்டேன். ஒன்பதாம் வகுப்பு முடியும்வரையாவது.

ஆண்டு விழாவில் எங்கள் வகுப்புக் கும்மி. அவரவர் வீட்டில் வழங்கும் பழைய பாட்டாக இருக்க வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லிவிட்டார். ராமாமணி அத்தையைப் பாடவைத்து எழுதிக்கொண்டேன். உலகப் போர்க் காலத்துப் பாட்டு!

பர்மாச் சண்டைக்குப் போறாரு – எங்க
திருமலைசாமி போறாரு
ஆகாயக் கப்பல் வருகுதடி – வாசல்
விளக்கை அணையுங்க பெண்டுகளே

ஆகாயக் கப்பல் என்றால் குண்டு போடும் விமானமாம்; அது வந்தால் ஊரே விளக்கை அணைத்துவிடுமாம். திருமலைசாமி என் அப்பாவின் தாத்தா. பீளமேட்டில் தோட்டம் வைத்திருந்தவர். போர்வீரர் என்பது இன்றுதான் தெரிந்தது. ஒரே பெருமை.

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. பாட்டு மட்டும் ஏன் தமிழ்?

ஜனவரி 7, புதன்

என் பெஞ்ச் கயல்விழியும் இதே பாட்டைக் கொண்டுவந்தாள். அதே மெட்டு. ஆனால் "எங்க வேலன் போறாரு". வேலன் அவள் அம்மாவின் தாத்தாவாம்.

எது மூலப்பாடம் என்று மிஸ் கேட்டார். நான் எழுந்து, "எங்களோடதுதாங்க மிஸ். அவங்க பேரை மாத்திப்போட்டாங்க" என்றேன்.

மணி அடித்ததும் கயல் வந்தாள். "எங்க தாத்தனைத் திருட்டுத்தனமா பாட்டுல ஒட்டிப்போட்டோம்ங்கறீங்க. சரிங்க அம்மணி."

என்னிடம் 'ங்க' போடுகிறாள்! திட்டியிருக்கலாம்.

ஜனவரி 8

கயல் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 17, சனி. பூநோம்பி (காணும் பொங்கல்)

சமாதானம் பேசக் கணபதியில் இருக்கும் கயல் வீட்டுக்குப் போனேன். கயல் தெருவில் பெண்கள் வாசல் வாசலாகக் கும்மியடித்து வந்தார்கள். முன்பாட்டு அவள் அம்மா பொன்னாத்தாள். அதே பாட்டு. ஒரு வாசலில் "எங்க சுப்பையன் போறாரு". அடுத்த வாசலில் "எங்க கௌதமன் போறாரு". கௌதமன் லேத் பட்டறைக்காரர். எந்தச் சண்டைக்கும் போகாதவர், வெட்கத்தில் நெளிந்தார்.

"ஏனுங்க அத்தை, பேர் மாறிட்டே இருக்குது?"

"எந்த ஊட்டு வாசல்ல அடிக்கறமோ, அந்த ஊட்டுக்காரர் பேரைச் சொல்லோணும் கண்ணு. அதான் மரியாதி."

அப்படியானால் திருமலைசாமி? ஐயோ, என்ன பேசிப்போட்டேன்!

வீட்டுக்கு வந்து ராமாமணி அத்தையைக் கேட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தாத்தா ஈரோட்டுக்கு அந்தப் பக்கம் ரயிலில் போனதே இல்லையாம். பர்மாவுக்குப் போனவர் எங்கள் தோட்டத்தில் வேலை செய்த வேலன். அங்கே வேலை செய்த பெண்கள் கட்டிய பாட்டு, எங்கள் வாசலுக்கு வந்தபோது தாத்தா பெயரை ஏற்றிக்கொண்டது. வேலன் திரும்பி வந்து, சண்டைக் கதைகளையெல்லாம் தாத்தாவுக்கே சொன்னாராம்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். "நீ எங்கே கேட்டாய்? எழுதிக்கொண்டு ஓடிவிட்டாயே" என்கிறார்.

ஜனவரி 19, திங்கள்

வகுப்பில் எழுந்து நின்றேன். "அவங்க மாத்தலீங்க மிஸ். எங்க வாசல்லதான் மாறியிருக்குது. சண்டைக்குப் போனவரு வேலன்தான்."

மதியம் என் பக்கத்தில் ஒரு பை விழுந்தது.

"தள்ளி உக்காருடி."

'ங்க' இல்லை. அப்பாடா!

ஜனவரி 30, வெள்ளி

வழக்கப்படி பார்த்தால் பள்ளி வாசலில் ஹெச்.எம். பெயரைத்தான் சொல்ல வேண்டும் என்று கயல் நேற்றுவரை மிரட்டினாள். ஆனால் மேடையில் வேலன்தான் பர்மாச் சண்டைக்குப் போனார். பொன்னாத்தாள் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராமாமணி அத்தையும் "எங்க வேலன்" என்று சத்தமாகப் பாடினார். ஆகாயக் கப்பல் வந்தது. கயலின் கையில் என் கை சரியாகப் பட்டது. கடைசி வரிக்கு மேடை விளக்குகளை அணைத்தார்கள்.