நீ கூப்பிட்ட என் பெயர்

இன்று காலை அச்சாபீசிலிருந்து நம் இளையவனின் கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்தது. மை காயாத தாள். தொட்ட இடமெல்லாம் விரலில் ஒட்டியது. மணமகனின் தகப்பனார் என்ற இடத்தில் 'அருணப்பெருமாள்' என்று போட்டிருந்தார்கள்.

"இது யாருய்யா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க எழுதிக் குடுத்ததுல எழுத்துப்பிழை இருந்துச்சு. 'அணஞ்ச'ன்னு இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகைல அப்படிப் போட முடியுமா? அதான் நாங்களே திருத்திட்டோம்" என்றார் கொண்டுவந்த கம்பாசிட்டர்.

பிழை இல்லை, அதுதான் என் பேர் என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை மடித்தார். அவர் நல்ல எண்ணத்தில்தான் திருத்தியிருக்கிறார். ஆனாலும் இந்த வயதில் எனக்கு முகம் சுட்டது. அவர் போன பிறகு வெகுநேரம் உன்னையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னை எனக்குக் கட்டிக்கொடுக்கப் பேசிய நாளில் உன் தோழிகளும் அப்படித்தான் சிரித்திருப்பார்கள். பெருமாள் பக்கத்தில் வந்து அணைத்துக்கொண்டார் என்ற பொருளில் எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வைத்த பெயர் அது. கேட்கிறவர்களுக்கு அந்த அர்த்தம் எங்கே தெரியப்போகிறது? அவர்கள் காதில் விழுவது அணைந்துபோன விளக்குதான். அணஞ்சபெருமாள் என்ற அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் செய்த தொழிலோ, தென்காசியில் மண்ணெண்ணெயில் எரியும் கேஸ் லைட்டுகளை வாடகைக்கு விடுவது.

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று உன்னை வளர்த்திருந்தார்கள். பெயரை மட்டுமல்ல, அதுபோலக் காதில் விழும் எந்தச் சொல்லையும் நீ சொல்ல மாட்டாய். விளக்குக் கடைக்காரன் வீட்டில் 'அணைந்தது' என்ற சொல் இல்லாமல் எப்படிக் காலம் தள்ளுவது? நீ தள்ளினாய். "இந்தா பாருங்க, கடைசி லைட்டு அமந்துட்டு" என்பாய். காற்றடித்தால் "குளுந்துட்டு" என்பாய். பிள்ளைகள் வம்புக்கென்றே, "யம்மா, அடுப்பு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். அந்தச் சொல் மட்டும் வாயில் வராது.

கல்யாண வீடுகளில் பல கடை லைட்டுகளும் கலந்துவிடும் என்பதால், ஒவ்வொரு லைட்டின் எண்ணெய்த் தொட்டியிலும் வெள்ளைப் பெயின்டில் என் பெயரை எழுதிவைத்திருந்தேன். சுரண்டையில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். லைட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கிட்டே வந்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"அணஞ்ச... ஏலே, யாருலே இத எழுதுனது? நல்ல காரியத்துக்கு அணஞ்ச லைட்டுன்னு எழுதியா கொண்டாருவீய?"

"அண்ணாச்சி, அது என் பேரு."

"பேரா? இப்படி ஒரு பேர வச்சுக்கிட்டு லைட்டுக் கடை வேற நடத்துதீராக்கும்!"

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எங்களைக் கூப்பிட்டிருந்த பெண் வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான் தோளில் கிடந்த துண்டை நீளநீளமாகக் கிழித்து, ஒவ்வொரு லைட்டிலும் என் பெயரின் மேல் கட்டினேன். அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட்ட மாதிரி அவை ஊர்வலம் போயின. நான் அவற்றுக்குப் பின்னால் வெற்றுத் தோளோடு நடந்தேன்.

மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் அழித்து 'முருகன் லைட்' என்று எழுத வைத்தேன். இனி யார் கேட்டாலும் பெருமாள் என்றுதான் சொல்லப்போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். "ஒனக்கே வாய்ல வராத பேரு" என்று வெடுக்கென்று ஒரு சொல்லும் சேர்த்துச் சொன்னேன்.

நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். தலை நிமிராமல், "வராத பேரு இல்ல, சொல்லப்பிடாத பேரு" என்றாய். கொஞ்சம் கழித்து, "நீங்க பேர மாத்திட்டா, நான் இனிமே எந்தப் பேரச் சொல்லாம இருக்கது?" என்றாய்.

கேலி செய்கிறாய் என்று நினைத்து நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.

அந்த ஆடியில் குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்குப் போகிற வழியில் பழக்கடைகளுக்கு லைட் கொடுத்திருந்தேன். உன் அண்ணன் மனைவியின் பிரசவத்துக்காக நீ வடகரை போயிருந்தாய். சாயங்காலம் ஒரு மங்குஸ்தான் கடையில் லைட் திக்கித் திக்கி எரிகிறது என்றார்கள். ஈரக்காற்றில் அவசரப்பட்டு, சூடு ஆறும் முன்பே எண்ணெய் மூடியைத் திறந்துவிட்டேன். தீ முகத்தில் அடித்தது.

கடைக்காரர்கள் என்னை ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து போடுகிறவர் பெயர் கேட்டார். கண் தெரியாமல் எரிச்சலில் துடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் வெட்கம் என்னை விடவில்லை. "பெருமாள்" என்றேன். நெற்றியிலிருந்து மூக்குவரை கட்டுப்போட்டுப் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் உனக்குச் சேதி வந்து, கிடைத்த பஸ்ஸைப் பிடித்து ஓடிவந்திருக்கிறாய். வாசலில் நடந்ததை, அங்கே காவலுக்கு இருந்தவர் சொல்லித்தான் பிறகு அறிந்தேன்.

"யாரம்மா பாக்கணும்? பேரு என்ன?" என்று அவர் கேட்டிருக்கிறார். என் பெயரை முழுதாகச் சொல்லாமல், "பெருமாள் பேரு" என்று மட்டும் நீ சொல்லியிருக்கிறாய்.

"பெருமாளா? குத்தாலத்துல இருந்து கொண்டாந்தவரா?"

"ஆமா."

"அவரு விடியக்காலம் போய்ட்டாரேம்மா. பின்னால கெடத்தியிருக்கு."

நீ போய்ப் பார்த்தாய். துணியை நீயேதான் விலக்கினாயாம். அருவிக்கரையில் காய்ச்சலோடு கிடந்து, கேட்க ஆளில்லாமல் அங்கே வந்து சேர்ந்த யாரோ ஒரு வயசாளி. அவர் பெயரும் பெருமாள்.

இதெல்லாம் தெரியாமல் நான் கட்டிலில் கிடந்தேன். வராந்தாவில் ஒரு பெண் குரல் கேட்டது.

"அணஞ்சபெருமாள்... அணஞ்சபெருமாள்..."

உன் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை அந்தக் குரலில் நான் கேட்டதே இல்லையே. பக்கத்துக் கட்டில்காரர், "என்னத்த அணஞ்சுபோச்சாம்?" என்றார். வார்டே சிரித்தது. பதில் சொன்னால் அந்தப் பெயர்க்காரன் நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் பேசாமல் கிடந்தேன்.

குரல் கிட்டே வந்தது. உடைந்திருந்தது.

"அணஞ்சபெருமாள்... எங்கன இருக்கிய?"

பெயரை அப்படிப் போட்டுக் கூப்பிட்டும் கடைசியில் மரியாதையை விடாத அந்த 'இருக்கிய'வில்தான் நீ என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு மூச்சு நேரம் நான் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

"இங்கன இருக்கேம்ளா" என்றேன்.

நீ வந்து முகத்தைத் தொடவில்லை. என் உள்ளங்கால்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்தாய். "சூடாத்தான் இருக்கு" என்று உனக்கே சொல்லிக்கொண்டாய். அப்புறம், "பேரச் சொல்லிட்டேனே" என்று அழ ஆரம்பித்தாய். ஒரு பிணத்தின் முகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தவள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெயரைச் சொன்னதற்குத்தான் அழுதாய்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு நாள், எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கேட்டாய்: "மொதல்ல கூப்பிட்டப்போ ஒங்களுக்குக் கேக்கலியோ?"

"காதையும் சேத்துல்லா கட்டியிருந்தாக" என்றேன்.

காது இரண்டும் வெளியேதான் இருந்தன. அதை நீ பார்த்திருக்கிறாய். தினமும் அந்தக் கட்டுக்குக் கீழே எண்ணெய் தடவிவிட்டவளே நீதான். "ஆமா, கட்டியிருந்தாக" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கஞ்சி ஊற்றினாய்.

பெயின்டரை மறுபடி கூப்பிட்டேன். பழைய பெயரையே எழுதச் சொன்னேன். சில கல்யாண வீட்டார் வேறு கடைக்குப் போனார்கள், போகட்டும் என்றிருந்தேன். காயவைத்திருந்த லைட்டுகளை நீ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாய். "சொல்லிப் பாத்தா நல்ல பேராத்தான் இருக்கு" என்றாய். அதற்குப் பிறகு நீ அதைச் சொல்லவே இல்லை.

தெருவுக்குக் கரண்ட் வந்தது. கல்யாணப் பந்தல்களில் டியூப் லைட் வந்தது. நான் மளிகைச் சாமான் போட்டு உட்கார்ந்தேன். மூத்தவனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த மறுவருஷம் நீ படுத்துவிட்டாய்.

என் பெயரை நீ சொல்லாததற்கு ஊர் வழக்கம் இருந்தது. உன் பெயரை நான் சொல்லாததற்கு அப்படி ஒன்றும் இல்லை. 'ஏளா' என்பேன், 'இந்தா' என்பேன். மற்றவர்களிடம் 'வீட்டுல' என்பேன். ஒரு மத்தியானம் நீ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். ஒரு தடவையாவது உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று கட்டிலருகே வந்து உட்கார்ந்தேன். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் மருமகள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுமே என்றிருந்தது. தொண்டையைச் செருமினேன். நீ திரும்பி, "என்ன?" என்றாய்.

"வெந்நி வேணுமா?" என்று கேட்டேன்.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குடுங்க" என்றாய். உனக்குத் தாகம் இல்லை. ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தாய்.

நீ போய்விட்டாய். இப்போது மத்தியான வேளைகளில் வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். உன் பெயர் வாய்வரைக்கும் வருகிறது. யாருமில்லாத வீட்டிலும் கூச்சம் வந்து, அதை விழுங்கிவிடுகிறேன்.