பேர் எழுதாமல் போனவர்கள்

திருப்பதி
11.11.2025

அன்புள்ள ஈவ்லின் மேடம் அவர்களுக்கு,

மைக்ராஸ்கோப் அறை லீனா எழுதுவது. உங்கள் கால் எலும்பு சீக்கிரம் கூடிவர நானும் அம்மாவும் எங்கள் ஊர் குடிபாலா சபையில் ஜெபிக்கிறோம். போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் ஆபீஸ் சிட்டிபாபு அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் தினமும் சித்தூர் பஸ்ஸில்தானே வீடு திரும்புகிறார்.

புது மைக்ராஸ்கோப் கேட்டு நீங்கள் டெல்லிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில், பழையது மூன்று மாதத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டைக் காட்ட வேண்டுமாம். அது ஓயாமல் ஓடினால்தான் இன்னொன்று தருவார்களாம். போன வாரம் நோட்டைக் கேட்டீர்கள். அண்ணன் ஸ்கேன் எடுத்து அனுப்பினார்.

மேடம், அந்த நோட்டு பாதிக்கு மேல் காலியாக இருந்தது. வருகிறவர்களைப் பேரும் நேரமும் எழுத வைப்பதுதான் என் வேலை. நான் கேட்கவில்லை. அவர்கள் பி.எச்டி. படிக்கிறவர்கள், நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஒருமுறை ஜெர்ரி சாரிடம் நோட்டை நீட்டினேன். "இன்னா லீனா, மெஷினைத் தூக்கினு ஓடிடுவனா? அப்பால எழுதறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் நீட்டவில்லை.

நீங்கள் கேட்ட அன்று, ஞாபகம் இருந்தவர்களின் பேரை நானே வேறு வேறு பேனாவில் எழுதி நிரப்பினேன். அவர்கள் வந்தது நிஜம். தேதியும் நேரமும் நானாகப் போட்டது. அக்டோபர் 22க்கு ஆறு மணி நேரம் எழுதியிருக்கிறேன். அது மழைக்கு கலெக்டர் லீவு விட்ட நாள். கட்டடமே பூட்டியிருந்தது. நேற்று காலண்டரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் நிரப்பிய வரிகளைத் தனித்தாளில் குறித்து இதோடு வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்கிறார்கள். உங்கள் பேரில் பொய் போகக் கூடாது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெட்கத்துடன்,
ம. லீனா

சித்தூர்
12.11.2025

லீனா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம்தான் வந்தது. இந்தக் கருவிக்காக மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ நிரப்பியதை எல்லாம் நீக்கிவிட்டேன். அவரவர் கையால் எழுதிய நேரம் மட்டும் போகிறது: நூற்றுப் பன்னிரண்டு மணி. முன்னூறாவது இருந்தால்தான் பேச முடியும்.

இரண்டாம் முறை படித்துவிட்டு ஸ்கேனைத் திறந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "சரிபார்க்கப்பட்டது" என்று என் கையெழுத்து. ஜூலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் காலிப் பக்கங்களில் போட்டு வைத்தது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

துறைத் தலைவரிடம் இரண்டையும் சொல்லப் போகிறேன். உன் வேலையைப் பற்றி அவர்தான் முடிவு செய்வார். நான் எந்த உறுதியும் தர முடியாது. இதற்குப் பதில் எழுதாதே.

ஈவ்லின்

திருப்பதி
12.3.2026

மரியாதைக்குரிய மேடம் அவர்களுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றீர்கள். நான்கு மாதம் எழுதவில்லை.

டெல்லியிலிருந்து இல்லை என்று வந்துவிட்டதாக சிட்டிபாபு அண்ணன் சொன்னார். "இருக்கறதே சும்மா கெடக்குதாம், புதுசு எதுக்காம்" என்று அர்த்தமும் சொன்னார். பாத்ரூமில் போய் வெகுநேரம் நின்றேன்.

தலைவர் சார் என்னை வேலையில் விட்டு வைத்தது, உங்கள் கையெழுத்தை நீங்களே சொன்னதால்தான் என்று தெரியும். நன்றி சொல்ல நினைத்தும் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நீங்களும் என்னைப் பார்ப்பதில்லை.

இப்போது நோட்டைக் கயிறு கட்டிக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டிருக்கிறேன். அதைத் தொடாமல் கதவைத் திறக்க முடியாது. "இன்னா லீனா, கதவுக்குத் தாலி கட்டிட்டியா?" என்றார் ஜெர்ரி சார். ஆனால் எழுதிவிட்டுத்தான் உள்ளே போனார்.

நேற்று நீங்கள் ஊன்றுகோலோடு மைக்ராஸ்கோப் அறைக்கு வந்தீர்கள். நோட்டை ஒதுக்கிவிட்டு உள்ளே போனீர்கள். 10.20 முதல் 11.45 வரை இருந்தீர்கள். எழுதவில்லை. கேட்கலாம் என்று எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்துவிட்டேன். நானே எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

அந்த வரி காலியாகவே இருக்கிறது. நோட்டை இந்தக் கடிதத்தோடு உங்கள் மேஜையில் வைக்கிறேன்.

மேடம், பேர் எழுதுங்கள்.

லீனா