இரண்டு கணக்கும் ஓர் அரைப்பேரும்

ஹட்டன் வங்கியிலிருந்து இன்று காலை ஒரு கடிதம் வந்தது. நம் சேமிப்புச் சங்கத்தின் இரண்டு கணக்குகளுக்கும், உறுப்பினர்களின் சேமிப்பில் வாங்கிய அரசுக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களைத் தனியாகப் பாதுகாத்து வைத்திருப்பதற்கும் அடுத்த மாதம் முதல் கட்டணம் கூடுகிறதாம். வாசித்து முடிப்பதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "கூடட்டும்டி, கட்டுவோம்" என்று சொல்லிவிட்டுக் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பியிருப்பாய்.

மாலை கூட்டத்தில் நம் புதுத் தலைவி கேட்டாள். "ரெண்டு கணக்கையும் ஒண்ணாக்கிட்டா செலவு பாதியாயிருமே அக்கா? எல்லாம் நம்ம சங்கத்துக் காசுதானே?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே கேள்வியை ஒரு காலத்தில் உன்னிடம் மாதாமாதம் கேட்டவள் நான். பாவம், நான் எதற்குச் சிரிக்கிறேன் என்று புரியாமல் அவள் முழித்தாள். ஒன்றாக்க முடியாது என்று உறுதியாகச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். உன் கதையைச் சொன்னேன். என் கதை என்றும் சொல்லலாம், முட்டாள்தனம் என்னுடையதுதானே.

லிந்துலைப் பள்ளியில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தோம். பிறகு நீ கொழுந்து எடுக்கப் போனாய், நான் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்கப் போனேன். சங்கம் தொடங்கியபோது உன்னைப் பொருளாளராகவும் என்னைச் செயலாளராகவும் போட்டார்கள். தோட்டத்து ஆபிஸில் பெண்களின் சம்பளத்தில் பிடித்து, ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு செக் என்று சங்கத்தின் பெயரில் தருவார்கள். அதில் அறை வாடகைக்கும் பேனா காகிதத்துக்குமான சந்தா இருக்கும். உறுப்பினர்களின் சேமிப்பும் கலந்திருக்கும். நீ ஹட்டனுக்குப் போய் அதைச் சங்கக் கணக்கில் போடுவாய். செக் மாறியதும் மறுபடி போய், சேமிப்பை மட்டும் பிரித்து உறுப்பினர் கணக்குக்கு மாற்றுவாய். அங்கிருந்துதான் உண்டியல் வாங்குவோம். அந்த இரண்டாவது நடைக்காக ஒவ்வொரு மாதமும் உனக்கு அரைநாள் கூலி, நம் பேச்சில் அரைப்பேர், போய்விடும். சங்கம் கொடுத்தது பஸ் காசு மட்டும்.

எனக்கு அது வீண் செலவாகவே பட்டது. கணக்குக்கு ஒரு கட்டணம், மாற்றுவதற்கு ஒரு கட்டணம், உன் அரைப்பேர் வேறு. வங்கியில் இருந்த சிங்கள அலுவலரும் இதையே கேட்டார். நீ உனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஏக வெனம, மேக வெனம மாத்தயா" என்றாய். அது வேறு, இது வேறு. அவ்வளவுதான் உன் விளக்கம். திரும்பி வரும் பஸ்ஸில் என்னிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாய். "நாளைக்கு சங்கம் கடன்ல மூழ்குனா மூழ்கட்டும்டி. பொம்பளைங்க காசு அதோட சேந்து மூழ்கக் கூடாது." நம் சங்கமாவது கடனில் மூழ்குவதாவது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூழ்கியது. அதற்கும் நான்தான் காரணம். போட்டோ கொப்பி மெஷின் ஒன்றைத் தவணைக்கு எடுத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சடித்துக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று யோசனை சொன்னவள் நான். இரண்டே மாதத்தில் அது படுத்துவிட்டது. விற்றவன் திருத்தித் தரவில்லை, நாம் தவணை கட்டவில்லை, அவன் வழக்குப் போட்டான்.

அந்தச் சமயம் பார்த்து உன் தங்கைக்குப் பிரசவம் என்று நீ உடப்புசல்லாவைக்குப் போயிருந்தாய். கீழ் டிவிசன் செக்கை மாற்றிப் பிரித்து வைத்துவிட்டுத்தான் போனாய். மேல் டிவிசன் செக்கை என்னிடம் தந்து, "ரெண்டு நடையும் போயிரு, மறந்துறாத" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நான் ஒரு நடை போனேன். இரண்டாவது நடையை அடுத்த மாதத்தோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று கூட்டக் குறிப்பேட்டில் பெருமையாக எழுதியும் வைத்தேன். பின்னால் அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போனேன், நீ விடவில்லை. இப்போதும் இருக்கிறது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கையில் நீதிமன்றக் கட்டளை வந்தது. சங்கக் கணக்கிலிருந்து ஒரு சதம் எடுக்க முடியாது. மேல் டிவிசன் பெண்கள் துணி எடுப்பதற்கென்று கூடுதலாகப் பிடிக்கச் சொன்ன மாதம் அது. அவ்வளவும் உள்ளே மாட்டிக்கொண்டது. உறுப்பினர் கணக்கை யாரும் தொடவில்லை. அதில் இருந்ததெல்லாம் பத்திரம். நான் மாற்றாமல் விட்டது மட்டும் போய் அகப்பட்டது.

நீ வந்ததும் அழுதுகொண்டே ஒரு வழி சொன்னேன். "கீழ் டிவிசன்காரங்க இப்ப எடுக்க மாட்டாங்க. அவங்க காசுல குடுத்துட்டு அப்புறம் வச்சிருவோம். யாருக்கும் தெரியாது."

நீ என்னை அடிக்காததுதான் குறை. "மேல் டிவிசன் குறைய கீழ் டிவிசன் தலையில கட்டுவியா? நீ செஞ்சதுக்கு அவங்க என்னாடி பண்ணுவாங்க?" என்றாய். பிறகு குரலை இறக்கி, "காலையில பெரட்டுக்கு வா. நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றாய்.

வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடும் அந்தப் பெரட்டுக்களத்தில், கங்காணியிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி நின்றோம். கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக நூறு பேருக்கு மேல். எதையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு ஒருத்தி கத்தினாள். "ஏன்டி, எங்க புள்ளைங்க துணிக் காசக் கொண்டுபோயி மெஷினுக்குக் குடுத்துட்டியா?" நீ என் கையைப் பிடித்திருந்தாய். "திட்டுங்க. ஆனா உங்க காசு எங்கயும் போகல. பேரு பேரா லிஸ்ட் இருக்கு, எடுத்துத் தருவோம்" என்றாய்.

எடுத்தும் தந்தாய். ஆபிஸில் யார் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்ற பட்டியலை வாங்கி, நுவரெலியா நீதிமன்றத்துக்கு ஆறு மாதம் அலைந்தோம். இது சங்கத்தின் பணமல்ல, இந்தப் பெண்களின் பணம் என்று சட்டத்தரணி காட்ட, விடுவித்தார்கள். சங்கத்தின் சொந்தப் பணம் மெஷின்காரனுக்குப் போனது. போகட்டும். ஆனால் அந்தத் தீபாவளிக்கு மேல் டிவிசனில் பாதி லயத்து வீடுகளுக்குப் புதுத்துணி இல்லை. நீயும் மேல் டிவிசன்தான். உன் மகள் பள்ளிச் சீருடையோடு கோயிலுக்கு வந்ததைப் பார்த்து நான் பின்வாசல் வழியாக ஓடிவிட்டேன். கணக்கு விடுபட்ட மாதத்திலிருந்து இரண்டாவது நடை நான் போனேன். இன்றும் நான்தான் போகிறேன்.

நீ போய்ச் சேர்ந்து முப்பது நாள் கழித்து உன் மகள் சங்கத்துக்கு வந்தாள். அப்போது சங்கம் மூன்று மாத வாடகை பாக்கியில் இருந்தது; ஊருக்கே தெரியும். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சித்தி, சங்கத்துக்குக் கடன் இருக்காமே. அம்மா காசுல புடிப்பாங்களா?"

"ஒரு சதம் புடிக்க முடியாதும்மா. இது சங்கத்துக் காசே இல்ல, உங்கம்மா காசு. எங்ககிட்ட இருந்துச்சு, அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் வேறு எதையும் அவ்வளவு தைரியமாக நான் யாருக்கும் சொன்னதில்லை. வேண்டிய கடிதங்களெல்லாம் முடிந்து, பணத்தை அவள் கையில் எண்ணிக் கொடுத்தேன். அவளும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு கால்வாசியைத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள்.

"இத இங்கயே வச்சிருங்க சித்தி. அம்மா பேருக்குக் கீழ என் பேர எழுதிக்கிருங்க."

நீ இருந்தால் என்ன செய்வாய் என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. சேமிப்புப் பேரேட்டில் உன் பெயருள்ள பக்கத்தில் அவள் பெயரை எழுதவில்லை. அதன் அடியில் கோடு போட்டு மூடிவிட்டு, அவளுக்கு ஒரு புதுப் பக்கம் எடுத்தேன்.