தலையில் ஒரு சுழி

உ

செஞ்சி
5-2-1964

அன்புள்ள பூவராகவா,

நேற்று மதியம் இளையபெருமாளைக் கைது செய்துவிட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டரே கடைத்தெருவில் சொன்னார். எங்கள் வீட்டு வசதிச் சங்கத் தலைவர் அவர். சிமென்டைக் கண்ணாலும் பாராத பதினெட்டு சிங்கவரத்துக்காரர்கள் பெயரில் பெர்மிட் வாங்கி, மூட்டைகளை வெளியே விற்றதாக வழக்கு.

விண்ணப்பங்களை எழுதியவன் குமாஸ்தாவாகிய நான். அவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். போலீசிடமும் அப்படியே சொன்னேன். என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். கூண்டு ஏறப் பயமாக இருக்கிறது. வசந்தாவுக்கு இது மூன்றாம் மாதம். நான் என்ன பேசவேண்டும், எழுது.

உன்
சேகர்

கடலூர்
8-2-1964

அன்புள்ள சேகரா,

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே இளையபெருமாளின் மைத்துனர் வந்து எனக்கு வக்காலத்து கொடுத்துவிட்டார். இனி வழக்கைப் பற்றி எனக்கு எழுதாதே.

பதினோரு வருஷமாக எனக்கு வருவதெல்லாம் தலைவர், மேனேஜர், ஆபீசர் வழக்குகள்தான். கத்தி எடுத்தவனுக்காக வாதாடுவது சுலபம். பேனா எடுத்தவனைக் காப்பாற்ற இன்னொரு பேனாவைக் காட்டவேண்டும்.

கடிதத்தின் தலையில் இன்னும் அந்த வால் நீண்ட பிள்ளையார் சுழி! பள்ளிக்கூடத்தில் அதற்காக எத்தனை குட்டு வாங்கினாய். வசந்தாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

உன்
பூவராகவன்

கடலூர்
27-6-1964

அன்புள்ள சேகரா,

வியாழக்கிழமை இளையபெருமாளை விடுதலை செய்துவிட்டார்கள். நீ கேள்விப்பட்டிருப்பாய். அன்று கூண்டில் நின்றவனைச் சாட்சி என்று நினைத்துத்தான் கேட்டேன். நீ என்று நினைத்திருந்தால் கேட்டிருக்க முடியாது. உன்மேல் வழக்கு வந்தால் என் ஜூனியர் ரங்கநாதன் ஆஜராவான். பீஸ் வேண்டாம். ஒரு வரி எழுது.

உன்
பூவராகவன்

செஞ்சி
12-8-1964

வக்கீல் பூவராகவன் அவர்களுக்கு,

நேற்று எனக்குச் சம்மன் வந்தது. கோர்ட் சேவகர் தங்கராசு வீட்டுக்கே கொண்டுவந்தார். சாட்சியாக இருந்த நான் இப்போது வழக்கில் எதிரி. சங்கத்தில் ஜூலையிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அன்று கோர்ட்டில் நீங்கள் விண்ணப்பத்தை நீட்டி, தலையிலிருந்த சுழியைக் காட்டினீர்கள்.

"இது யார் போட்டது?"

"நான்தாங்க. அது இல்லாம எனக்கு எழுத வராதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தெரிந்த முகம் ஆயிற்றே என்று தைரியம் வந்திருந்தது.

"இதையும் தலைவரா போடச் சொன்னாரு?"

"இல்லீங்க. அத யாரும் சொல்லலீங்க. நானாத்தான் போட்டேன்."

பதினெட்டுத் தாளையும் புரட்டி, பதினெட்டு முறை அதையே சொல்ல வைத்தீர்கள். "நானாத்தான் போட்டேன்" என்பது சுழிக்கு மட்டும் சொன்னது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தீர்ப்பில் அது மொத்தத் தாளுக்கும் ஆகிவிட்டது. சுழியைப் பார் என்று உங்களுக்கு இளையபெருமாளா சொல்லியிருப்பார்?

போன வாரம் இன்ஸ்பெக்டர் மாதிரிக் கையெழுத்து எழுதச் சொன்னார். தாளை வைத்ததும் கை முதலில் சுழிதான் போட்டது. அவர் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ரங்கநாதன் வரவேண்டாம். திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டேன். அவருக்கு என்னை முன்பின் தெரியாது. அது போதும்.

கையெழுத்து நிபுணர் அறிக்கை மதராசிலிருந்து இருபதாம் தேதிக்குள் வருமாம். அதே வாரம்தான் பிரசவம் என்கிறாள் மருத்துவச்சி செல்லம்மாள். வழக்கு செப்டம்பர் ஏழு.

இந்தக் கடிதத்தைச் சுழி இல்லாமல் ஆரம்பிக்க மூன்று தாள் வீணாயிற்று.

இப்படிக்கு,
சி. தனசேகரன்