ஆலாவும் புலிச்சுறாவும்: வன்மம் குறித்த ஆய்வு

பதிவு 1. மார்ச் 3, 2074. காலை 6:10
மன்னார் வளைகுடா, மிதவை நிலையம். பதிபவர் ரெஜினா. தனியாக இருக்கிறேன். ஆய்வு: தனக்குப் பட்ட தீங்கை எது மறக்காமல் வைத்திருக்கும், ஆலாப் பறவையா, புலிச்சுறாவா? இரண்டின் மண்டையிலும் நினைவைப் பதியும் சில்லு வேலை செய்கிறது. கடல் அமைதி. காப்பித்தூள் தீர்ந்துவிட்டது.

பதிவு 2. மார்ச் 9. மாலை 4:30
போன வருடம் இயக்குநர் கோதண்டம் மேல்தளத்தில் கிடந்த ஆலா முட்டைகளைத் துடைப்பத்தால் கடலில் தள்ளினார். திரையில் அவர் முகத்தைக் காட்டினாலே இன்றும் கொத்தப் பாய்கின்றன. என் முகத்தைக் காட்டினால் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.
அவர் மின்கோலால் சுட்ட பெண் சுறாவோ மறுவாரமே வந்து அவர் கையால் இரை வாங்கிக்கொண்டது. மானங்கெட்டது. நான் பறவைக் கட்சி.

பதிவு 3. மார்ச் 14. காலை 7:00
சுறாவை விலக்கும் ஒலிவேலிக்கு இங்கே 'கட்டு' என்று பெயர். முத்துக்குளித்த காலத்தில் மந்திரம் போட்டுச் சுறாவின் வாயைக் கட்டுவார்களாம். பெயர் வைத்தவன் என் தம்பி இஞ்ஞாசி. நான் கரையில் இருந்த அன்று, அவன் நீருக்கடியில் வேலை செய்யும்போது, சுறாவை அருகில் படம்பிடிக்கக் கோதண்டம் கட்டை நிறுத்தினார். இஞ்ஞாசியின் கடைசி ஒலிப்பதிவு:
"சார், கட்டு விட்டுப்போச்சு! கட்டைப் போடுங்க சார்!"
விசாரணையில் அவர் சொன்னது: "கட்டுன்னா கயிறுன்னு நினைச்சேன்." நம்பினார்கள். படுபாவி. நாளை வருகிறார்.

பதிவு 4. மார்ச் 15. காலை 9:40
ஆளில்லாப் படகு அவரை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. ஏணியில் பாதி ஏறுவதற்குள் ஆலாக்கள் மொய்த்துக்கொண்டன. விழுந்தார். தலையில் ரத்தம். கட்டை நிறுத்தினேன். மிதவைச் சட்டை ரேடியோவில்:
"ரெஜினா, சுறா வருதும்மா! கட்டைப் போடும்மா!"
நான்: "எந்தக் கட்டு சார்? கயிறா?"

பதிவு 5. 9:52
சுறா அவரைச் சுற்றி வந்தது. மோந்து பார்த்தது. போய்விட்டது. சனியனே, திரும்பி வா! உன்னைச் சுட்டவன் இவன்தான்! வரவில்லை. அதற்குப் பசியில்லை, அவ்வளவுதான்.
"கடவுள் காப்பாத்திட்டாரும்மா. கை குடு."

பதிவு 6. 9:58
ஏணியை மேலே இழுத்துவிட்டேன்.
ஆலாக்கள் தளத்துக்குத் திரும்பி இறகு கோதுகின்றன. சுறா ஆழத்தில். கரை கண்ணுக்கெட்டாத தூரம்.
நிலையத்தின் அடித் தகட்டைத் தட்டுகிறார். என் பெயரைச் சொல்கிறார்.
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.