இருபது ராத்தல் காஸ்

மியூனிசிங், மிச்சிகன்
மே 19

அன்புள்ள ஆர்வோவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், ஏரியில் பனி உருகிவிட்டது, கொசு இன்னும் வரவில்லை. ஃபீனிக்ஸில் நீ சுகமா என்பது நீயாக எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும், எழுதுகிற கை அந்த ஊர் வெயிலில் வெந்துவிடவில்லை என்று நம்புகிறேன். ஜூலையில் வருவதாக மூன்று வரி எழுதியிருந்தாய், பெரிய மனசு. எத்தனை நாள் தங்குவாய் என்று எழுத மட்டும் காகிதத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

போன வருஷம் ஏரிக்கரையில் நடந்தது ஞாபகம் இருக்கும். துரை நீங்கள் பதினொரு மணிக்கு வந்தீர்கள். அப்பா அந்தச் சூட்கேஸ் அளவு காஸ் அடுப்பை விரித்து, பச்சை நிற ஒரு ராத்தல் காஸ் பாட்டிலைத் திருகி, சாசேஜ் சுட ஆரம்பித்தார். முந்தின வருஷம் மீன் சுட்டு மிஞ்சிய பாட்டில் அது, உலுக்கிப் பார்த்துவிட்டு நிறைய இருக்கிறது என்று தீர்ப்பு வேறு சொன்னார். பாதி வேகும்போதே தீர்ந்துபோயிற்று. நீ வாட்சைப் பார்த்து, "பரவால்லப்பா, எனக்கும் பிளைட்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டாய். உன் கார் சீட்டில் கிடந்த டிக்கெட்டை நான் பார்த்தேன், பிளைட் மறுநாள் காலையில். அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மனுஷன் சொல்வது ஒன்றுதான், "பாட்டில் மட்டும் பெருசா இருந்திருந்தா பையன் இருந்து சாப்பிட்டுப் போயிருப்பான், இர்மா." குளிர்காலம் பூராவும் ஆராய்ச்சி, ஒன்று, ஐந்து, பதினொன்று, இருபது ராத்தல் என்று சமையலறை மேஜை முழுக்கக் காகிதம். ஹார்டுவேர் கடை வெண்டல், "ரெய்னோ, இந்தக் குட்டி அடுப்புக்கு அஞ்சு ராத்தலே தாராளம்யா, தூக்கவும் சுலபம்" என்றார். நாற்பது வருஷமாகக் காஸ் விற்கிறவருக்கு என்ன தெரியும், இவர் இருபதுதான் என்று நின்றார். பெட்ரோல் பங்கு கூண்டில் காலி டாங்கைக் கொடுத்து நிரப்பியதை மாற்றி வாங்கினால் இருபது என்று சொல்லிப் பதினைந்துதான் இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடனே நான் எடை பார்க்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு போய், பங்கிலேயே வைத்து டாங்கை நிறுத்து, கழுத்தில் பொறித்திருந்த காலி எடையைக் கழித்துப் பார்த்து, அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு நாளும் அவ்வளவு அக்கறையாக நிறுத்துப் பார்த்ததில்லை. கடைசியில் வெண்டலிடமே இருபதும் நிரப்பி, என் சீட்டில் நிமிர்த்தி வைத்து, என் பெல்ட்டையும் போட்டுவிட்டு, ஜன்னலையெல்லாம் திறந்து கூட்டி வந்தார். நான் பின்சீட்டில் குளிரில் நடுங்கிக்கொண்டு வந்தேன். இப்போது டாங்கு கொட்டகை வாசலில் நிற்கிறது, பக்கத்தில் அடுப்பு அதன் பேரன் மாதிரி இருக்கிறது, நடுவில் ஒரு புது ஹோஸ்.

நேற்று அவர் காகிதத்தைப் பார்த்தேன். ராத்தலுக்கு இரண்டு மணி நேரம், மொத்தம் நாற்பது மணி, தினம் இரண்டு மணி சுட்டால் இருபது நாள் என்று எழுதி அடியில் கோடு போட்டிருக்கிறார். அவனையே கேட்டுவிட்டால் என்ன என்றேன். "அவனுக்கு ஆயிரம் வேலை, தொந்தரவு பண்ணாத" என்றார்.

எனக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் வருகிறாய் என்றால் எனக்கு எழுது. கொட்டகையில் ஒரு பச்சை பாட்டில் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறேன், பெரியது கசிகிறது என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். உனக்காகப் பொய் சொல்வது எனக்குப் புதிதா. தங்குவதாக இருந்தால் அப்பாவுக்கே எழுது. நாளெல்லாம் எழுத வேண்டாம், ஐந்து ராத்தலா இருபதா என்று மட்டும் போடு, அவருக்குப் புரியும்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். பதிலைச் சீக்கிரம் போடு, தபால் வண்டி வரும் நேரமெல்லாம் அவர் டாங்கைத் துடைக்கிற சாக்கில் வாசலில்தான் நிற்கிறார்.

உன் அம்மா
இர்மா